உப்பும் நன்னீரும்: இலங்கைக் கரையோரச் சரணாலயங்களின் வரலாறு

பண்டைத் தமிழர் நிலத்தைப் பகுத்த காலத்துக் கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல் எனப் பெயர் பெற்றன. கடலும் தரையும் சந்திக்கும் இடத்தை வெறும் எல்லையாகக் கொள்ளாது, தனக்கெனப் பூவும் புள்ளும் தொழிலும் உடைய ஒரு நிலமாகவே அவர்கள் கண்டனர். கழியும் கானலும் உப்பளமும் மணல்மேடும் அந்நிலத்தின் உறுப்புகள். அங்கே உப்பும் நன்னீரும் பருவத்துக்குப் பருவம் அளவு மாறிக் கலக்கின்றன. அக்கலப்பினாலேயே அந்நிலத்தின் உயிர்கள் வாழ்கின்றன. இவ்வுண்மை மறக்கப்பட்ட இடங்களில், சட்டம் எத்துணைக் கடுமையாயினும் பறவைகள் நிற்கவில்லை என்பதை இலங்கைக் கரையோரச் சரணாலயங்களின் வரலாறு காட்டுகின்றது. யாழ்ப்பாணத்தின் வாயிலாகிய ஆனையிறவுக் கடல்நீரேரிக்கு இவ்வரலாறு இன்றும் ஒரு பாடமாக உள்ளது.

உயிர்களைக் காக்கும் ஆணை இலங்கைக்குப் புதியதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட நிசங்கமல்ல மன்னன், அநுராதபுரத்தைச் சுற்றி ஏழு காவத தூரத்துக்குள் எவ்வுயிரையும் கொல்லலாகாது எனப் பறையறைவித்த செய்தி கல்வெட்டிலே பொறிக்கப்பட்டுள்ளது. நகரை நடுவாக வைத்துத் தூரத்தை அளந்து, அவ்வட்டத்துள் வாழும் உயிர்களுக்கு அபயம் அளித்த முறை இது. பிற்காலத்துச் சட்டங்களும் ஓர் எல்லையை வகுத்து அதனுள்ளே தடைவிதிக்கும் இம்முறையையே பின்பற்றின. ஆயின் அவற்றை இயற்றினோரின் நோக்கம் வேறாயிருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் காடுகள் பெருந்தோட்டங்களாயின. துப்பாக்கி ஏந்திய வேட்டையாடிகள் யானையையும் மானையும் கணக்கின்றிக் கொன்றனர். வேட்டைக்கு விலங்கு இல்லாது போகும் என்ற அச்சம் எழுந்த பின்னரே காவற் சட்டங்கள் பிறந்தன. எருமையையும் வேட்டை விலங்குகளையும் வீணே அழிப்பதைத் தடுக்க 1872 ஆம் ஆண்டில் ஒரு கட்டளைச் சட்டமும், யானைகளைக் காக்க 1891 ஆம் ஆண்டில் மற்றொன்றும் இயற்றப்பட்டன. 1894 ஆம் ஆண்டில் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றிற்று. அதன் தொடக்க கால உறுப்பினர் பலர் தாமே வேட்டையாடிகளாவர். 1900 ஆம் ஆண்டில் தென்கிழக்குக் கரையிலுள்ள யாலப் பகுதி காவலிடமாக்கப்பட்டபோது, அதன் அயலிலேயே வேட்டையாடுவோர்க்கென ஓர் ஒதுக்கிடமும் வகுக்கப்பட்டமை அக்காலத்து மனப்போக்கைப் புலப்படுத்தும்.

யாலவின் முதற் காவலராக 1908 ஆம் ஆண்டில் நியமனம் பெற்றவர் எங்கெல்பிரெக்ட் என்பவர். தென்னாபிரிக்கப் போரிலே சிறைப்பட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட போயர் அவர். போர் முடிந்தபின் ஆங்கில மன்னருக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்ய மறுத்தமையால் தாயகம் திரும்ப இயலாது இத்தீவிலேயே தங்கிவிட்டார். அவர் காவலராகிய அதே ஆண்டில் அம்பாந்தோட்டைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தவர் லெனாட் வூல்ப். யாழ்ப்பாணக் கச்சேரியிலே தொழில் பயின்று சென்றவர் அவர். அம்பாந்தோட்டையில் அவரது நிர்வாகக் கடமைகளுள் உப்புச் சேகரிப்பும் முதன்மையாக இருந்தது. அரசுக்கு அக்கரையின் களப்புகள் அன்று உப்பு விளையும் இடங்கள் மட்டுமே. அவற்றில் இரைதேடும் பறவைகள் அதன் நோக்கில் முதன்மை பெறவில்லை.

இந்நிலையை மாற்றியது 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். வேட்டைக்குரிய விலங்குகளை மட்டுமன்றிப் பறவைகளையும் தாவரங்களையும் அவற்றின் உறைவிடங்களையும் காக்க இது வழிசெய்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த 1938 ஆம் ஆண்டிலேயே வடக்கில் சுண்டிக்குளமும் தெற்கில் களமெட்டியவும் சரணாலயங்களாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன. வனசீவராசிகள் திணைக்களம் 1949 ஆம் ஆண்டில் அமைந்தது. கொக்கிளாய்க் களப்பு 1951 ஆம் ஆண்டிலும், அம்பாந்தோட்டைக்குக் கிழக்கேயுள்ள புந்தல 1969 ஆம் ஆண்டிலும் சரணாலயங்களாயின. வேட்டைக்காரனின் துப்பாக்கிக்கு இச்சட்டங்கள் நல்ல விடையாயின. ஆயின் களப்புக்குப் பெருங்கேடு துப்பாக்கியால் வரவில்லை.

அக்கேட்டை அறிய, களப்பு வாழும் முறையை முதலில் அறிதல் வேண்டும். வறண்ட வலயக் களப்புகள் ஆழமற்றவை. கடலுக்கும் அவற்றுக்கும் இடையே ஒரு மணல்திட்டுக் கிடக்கும். மாரியில் உள்நாட்டு வெள்ளம் வந்து நிரம்பும்போது நீர் இனிப்படையும். வெள்ளம் மிகும்போது மணல்திட்டு உடைந்து கடலோடு தொடர்பு உண்டாகும். கோடையில் மணல் மீண்டும் வாயை அடைக்க, வெயிலில் நீர் வற்றி உவர்ப்பு ஏறும், சிலவிடங்களில் உப்பே பூக்கும். ஆண்டுதோறும் நிகழும் இவ்வேற்ற இறக்கத்துக்கு இசைந்த நுண்ணுயிர்களும் சிற்றிறால்களுமே அங்கு பெருகுகின்றன. பூநாரை தன் வளைந்த அலகைத் தலைகீழாக நீரிலிட்டு, நாவினால் நீரை உந்தி, அலகின் விளிம்பிலுள்ள சல்லடையால் அவ்வுயிர்களை வடித்து உண்ணும். அதன் இறகின் செந்நிறமும் அவ்வுணவிலுள்ள நிறப்பொருளினால் வருவதே. ஆகவே உவர்ப்புக் குறையின் உணவு மாறும். உணவு மாறின் பூநாரை வேறிடம் நாடும். அதற்கு வேலியும் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை.

இவ்வியல்பைக் கருதாத முதற் பெருநிகழ்ச்சி களமெட்டியவில் நேர்ந்தது. 1938 ஆம் ஆண்டுப் பிரகடனத்தை அயலூரார் விரும்பவில்லை. மீன்பிடியும் மேய்ச்சலும் தடைப்படும் என அவர்கள் அஞ்சினர். 1946 ஆம் ஆண்டில் அப்பிரகடனம் நீக்கப்பட்டது. பின்னர் வளவை கங்கையை மறித்து உடவளவை நீர்த்தேக்கம் 1960களிலே கட்டப்பட்டது. வறண்ட நிலங்கள் வயல்களாயின, குடியேறியோர் பயனடைந்தனர். ஆனால் வயல்களிலிருந்து வடிந்த நீர் களமெட்டியக் களப்பை நோக்கி ஓடிற்று. கோடையிலும் நன்னீர் இடையறாது வந்தமையால் உவர்ப்புக் குன்றியது. வந்த நீர் வண்டலையும் கொணர்ந்தது. திறந்த நீர்ப்பரப்பாயிருந்த இடங்களிலே சம்பும் கண்டலும் பரவின. 1984 ஆம் ஆண்டில் அக்களப்பு மீண்டும் சரணாலயமாக்கப்பட்டபோது, 1938 ஆம் ஆண்டில் காக்க எண்ணிய களப்பு அங்கே இருக்கவில்லை. பெயர் அதுவே, நீர் வேறு.

புந்தலவின் கதை இன்னும் தெளிவானது. பறவைச் செல்வத்தில் இலங்கையின் தென்கரையில் அதற்கு ஒப்பான இடங்கள் மிகச்சில. புந்தல, எம்பிலிகல, மலல, கொகொலங்கல என்னும் நான்கு களப்புகள் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்துள்ளன. வடபுல நாடுகளிலிருந்து மாரிக்கு வரும் உள்ளான் முதலிய கரைப்பறவைகள் ஆயிரக்கணக்கில் ஆங்கு தங்கும். 1971 ஆம் ஆண்டில் ஈரான் நாட்டு இறாம்சர் நகரில் ஈரநிலங்களைக் காக்கவென ஒரு சர்வதேச உடன்படிக்கை செய்யப்பட்டது. இலங்கை அதில் இணைந்தபோது, 1990 ஆம் ஆண்டில், முதலாவதாகப் பட்டியலிற் சேர்த்த இடம் புந்தலவே. 1993 ஆம் ஆண்டில் அது தேசிய பூங்காவாகவும், 2005 ஆம் ஆண்டில் யுனெசுக்கோ நிறுவனத்தின் உயிர்க்கோள ஒதுக்கிடமாகவும் உயர்ந்தது. ஒரு களப்புக்குக் கிடைக்கத்தக்க பட்டங்கள் யாவும் அதற்குக் கிடைத்தன எனலாம்.

எனினும் இப்பட்டங்களுட் பெரும்பாலன வருமுன்னரே கேடு தொடங்கிவிட்டது. கிரிந்தி ஓயாவை மறித்து லுணுகம்வெகர நீர்த்தேக்கம் 1980களில் அமைக்கப்பட்டது. அதன் கீழுள்ள புதிய வயல்களின் கழிவுநீர் எம்பிலிகலக் களப்பினுட் புகுந்து, அங்கிருந்து மலலக் களப்பை அடைந்தது. அந்நீரோடு உரமும் கிருமிநாசினியும் வந்தன. நீர்மட்டம் உயர்ந்து அயல்நிலம் அமிழவே, மணல்திட்டை இயற்கை உடைக்கும் காலத்துக்கு முன்னரே மனிதர் வெட்டிவிடும் வழக்கமும் ஏற்பட்டது. 1990களில் இக்களப்புகளை ஆராய்ந்தோர் உவர்ப்புக் குன்றியதைப் பதிவுசெய்தனர். ஒருகாலத்தில் புந்தலவின் அடையாளமாக நின்ற பூநாரைத் திரள் அதன்பின் சில ஆண்டுகளுள் அற்றுப்போயிற்று. போதாக்குறைக்கு, உவர்நிலத்தைச் சீர்திருத்தவென 1950களில் அம்பாந்தோட்டையிற் கொண்டுவந்து நடப்பட்ட முள்மரமொன்று, தமிழ்நாட்டார் சீமைக்கருவேல் என்பது, நாகதாளிக் கள்ளியோடு சேர்ந்து பூங்காவினுட் பரவிற்று. நன்மை கருதிச் செய்த செயலே, இடமறியாது செய்தமையால், கேடாக முடிந்தது.

இவ்விடத்து ஒன்றை நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். நீர்த்தேக்கம் கட்டியோர் பறவைகளின் பகைவர் அல்லர். நிலமற்றோர்க்கு நிலமும் நீரும் அளித்தவர்கள். சரணாலயம் வகுத்தோரும் உழவரின் பகைவர் அல்லர். நீர்ப்பாசனத்தை ஒரு திணைக்களமும் சரணாலயத்தை மற்றொரு திணைக்களமும் தனித்தனியே நோக்கின. அணையிலிருந்து வயலுக்குச் செல்லும் நீர் துளிதுளியாகக் கணக்கிடப்பட்டது. வயலிலிருந்து வடிந்து செல்லும் நீர் எங்கே போய்ச் சேரும் என்பதற்குக் கணக்கு வைத்தார் இலர்.

அயலூராரைப் பகைத்துக்கொண்டு எந்தக் காவலும் நிலைக்காது என்பதற்கு 1946 ஆம் ஆண்டுக் களமெட்டிய ஒரு சான்று. அவர்களைத் துணைக்கொண்டால் நிலைக்கும் என்பதற்கு அதே தென்கரையிலுள்ள றெக்கவ மற்றொரு சான்று. தங்காலைக்கு அண்மையிலுள்ள அக்கரையிலே கடலாமைகள் இரவில் ஏறி மணலிற் குழிதோண்டி முட்டையிடும். அம்முட்டைகளை அகழ்ந்து விற்பது அவ்வூர் ஏழைகள் சிலரின் சீவனோபாயமாக இருந்தது. 1972 ஆம் ஆண்டு முதல் ஆமைகள் சட்டத்தாற் காக்கப்பட்டும் இவ்வழக்கம் ஒழியவில்லை. 1990களில் ஆமைப் பாதுகாப்புத் திட்டத்தார், முட்டை அகழ்ந்து வந்தவர்களையே சம்பளத்துக்கு அமர்த்திக் கூடுகளைக் காவல்செய்யும் முறையைக் கைக்கொண்டனர். எவ்விடத்தில் ஆமை ஏறும், எவ்வளவு ஆழத்தில் முட்டை கிடக்கும் என்பவற்றை அவர்களைப்போல் அறிந்தவர் வேறு யார்? ஆமை முட்டையிடுவதைப் பார்க்க வருவோர் செலுத்தும் பணமும் காவலுக்கு உதவிற்று. 2006 ஆம் ஆண்டில் அக்கரை சரணாலயமாயிற்று. மக்கள் முன்னரே காவல்செய்து வந்த கரைக்குச் சட்டம் பின்னர் வந்து சேர்ந்தது.

இவற்றை மனத்திற்கொண்டு வடக்கே நோக்குதல் தகும். வன்னியிலே பெய்யும் மாரிநீரைக் கனகராயன் ஆறு வடக்குநோக்கிக் கொணர்ந்து இரணைமடுக் குளத்தை நிரப்புகின்றது. மிகுதி நீர் ஆனையிறவுக் கடல்நீரேரியை அடைகின்றது. அவ்வேரி மேற்கிலே தாம்போதியால் யாழ்ப்பாணக் கடல்நீரேரியினின்று பிரிக்கப்பட்டுள்ளது. கிழக்கிலே அது கடலோடு கலக்கும் வாயிலே உள்ளது சுண்டிக்குளம். மாரியில் வெள்ளக்காடாகவும் கோடையில் உப்புப் பூத்த வெளியாகவும் மாறும் அப்பரப்பில் பூநாரைகளும் நாரையினங்களும் வடபுலத்து வாத்துகளும் பருவந்தோறும் வந்து கூடுகின்றன. 1938 ஆம் ஆண்டில் அது சரணாலயமாயினமைக்குக் காரணம் இதுவே.

ஆயின் அதே வாயிலை வேறொரு நோக்கோடு பார்த்தோரும் இருந்தனர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையினடியிலே தேங்கிய மழைநீரைக் கிணறுகளால் எடுத்தே உழவும் குடியும் நடைபெறுகின்றன. மிகுதியாக இறைத்தால் உவர் ஏறும். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் வகுத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டம் இக்குறைக்கு மருந்தாக எழுந்தது. ஆனையிறவு ஏரியை இருபுறமும் அடைத்து, சுண்டிக்குளத்தில் அணையும் வானும் அமைத்து, மழைநீரை நன்னீராகத் தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி ஏரிக்குச் செலுத்துவது அதன் சாரம். தொண்டைமானாற்றுக் கதவுகளும் இத்தகைய நன்னீராக்க முயற்சியின் அங்கமே. சுண்டிக்குளத்தில் அணை எழுப்பப்பட்டது. ஆயினும் திட்டம் முற்றுப்பெறவில்லை. அணையும் பின்னர் வெள்ளத்தில் உடைந்தது.

அதன்பின் வந்தது நெடும்போர். ஆனையிறவு போர்க்களமாயிற்று. 2004 ஆம் ஆண்டு மார்கழியில் ஆழிப்பேரலை அக்கரையூர்களை அழித்தது. 2009 ஆம் ஆண்டில் போர் ஓய்ந்த பின்னர், 2015 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், சுண்டிக்குளம் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. அதன் பரப்பு 19,500 எக்டேயருக்கும் மேலாகும். நெடுந்தீவும் ஆதாம் பாலமும் அதே காலத்தில் இத்தகுதி பெற்றன. மறுபுறம், ஆறுமுகத்தின் திட்டத்தை நிறைவேற்றல் வேண்டும் என்னும் கோரிக்கையும் போருக்குப் பின் மீண்டும் எழுந்தது. ஒரே வாயிலில் இரண்டு நியாயங்கள் எதிர்நிற்கின்றன: குடாநாட்டுக்கு நீர் வேண்டும், பூநாரைக்கு உவர் வேண்டும்.

இவ்விரண்டனுள் ஒன்றைத் தள்ளிவிடுவது எளிது. பறவைக்காக மனிதர் தாகித்திருக்க வேண்டுமோ என்று ஒருசாராரும், இயற்கையிற் கைவைக்கலாகாது என்று மற்றொரு சாராரும் கூறிவிடலாம். களமெட்டியவும் புந்தலவும் போதிப்பது இதனினும் கடினமான வழி. நன்னீர் எம்மாதத்தில், எவ்வளவு, எப்பகுதிக்கு வரும், எங்கே வடியும் என்பதை அணை எழுமுன்னரே கணக்கிடுதல் வேண்டும். ஏரியின் உவர்ப்பும் அங்கு வரும் பறவைகளின் தொகையும் பருவந்தோறும் இப்பொழுதே அளந்து பதியப்படுதல் வேண்டும். முன்னைய நிலை பதியப்படாவிடின், பின்னர் இழந்தது யாது என்று கூறவும் இயலாது. கரையில் மீன்பிடிப்போரும் வயல்செய்வோரும் கலந்துபேசப்படுதல் வேண்டும். நீர் பெறும் வழிகளும் ஒன்றல்ல. 2024 ஆம் ஆண்டில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அது குடிநீருக்கு உதவும். உழவருடைய நீர்த்தேவைக்கு அது விடையாகாது. ஆதலின் ஆறுமுகத்தின் வினா இன்றும் உயிரோடிருக்கின்றது. அதற்கு விடை காண்போர் தென்கரையின் அனுபவத்தைப் படித்தபின் காண்பாராயின், முன்னோர் அறியாது செய்த பிழையை அறிந்தே செய்தோராகார்.

கல்லூரி மாணவர் இக்காலத்தில் சரணாலயங்களுக்குச் சுற்றுலாச் செல்வது வழக்கமாகிவிட்டது. தொலைநோக்கி வழியே பறவைகளைக் கண்டு, பெயர்களை எழுதி, படம் பிடித்துத் திரும்புகின்றனர். இது நன்றே. அதனோடு, சுண்டிக்குளக் கரையில் நிற்கும் மாணவன் காவலரிடம் இன்னும் ஒரு வினாவைக் கேட்பானாக: இந்நீர் எங்கிருந்து வருகின்றது? அதற்கு விடை தேடப் புகுந்தால் அவன் பூங்காவின் எல்லையைக் கடந்து இரணைமடுவுக்கும், அங்கிருந்து கனகராயன் ஆற்றின் தலைப்புக்கும் செல்ல வேண்டியிருக்கும். செல்லும் வழியில் வயலையும் வாய்க்காலையும் உழவரின் கிணற்றையும் காண்பான். நெய்தலின் நலம் மருதத்தினதும் முல்லையினதும் நீரிலே தங்கியிருப்பதை அப்பயணம் அவனுக்கு உணர்த்தும். அதை உணர்ந்தவன் நாளை பொறியியலாளனாய் அணை கட்டினும், அதிகாரியாய் எல்லை வகுப்பினும், உழவனாய் மடை திறப்பினும், தன் கையைக் கடந்துசெல்லும் நீர் யாரிடம் போகின்றது என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பான்.